அந்தப் பிள்ளை எங்கே?

கடலூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. அப்படியொரு மாலையில், மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணையில் குடையை விரித்து வைத்துவிட்டு ஓர் ஆசிரியை உள்ளே வந்தார். என் கதைகளைப் படிக்கிறவர்தாம். ஆனால் கதையைப்பற்றிப் பேச வரவில்லை. கதை எழுதுகிறவனுக்கு மனிதர்களைப்பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் வந்திருந்தார். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

தினமும் காலையில் சிதம்பரம் பஸ் ஏறி, புதுச்சத்திரம் தாண்டி இறங்கி, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவர் அவர். எட்டாம் வகுப்பில் அவரிடம் ஒரு பிள்ளை படிக்கிறது. வருகைப் பதிவேட்டில் அது பையன். அந்தப் பிள்ளையின் மனசிலோ அது பெண். இதை அது யாரிடமும் பிரகடனம் செய்யவில்லை. நடையில், பேச்சில், தலை முடியை ஒதுக்குகிற கையில் தெரிகிறது. பள்ளிக்கூடத்துக்கு அது போதாதா?

"அது ஒரு வாரமா ஒண்ணுக்குப் போறதில்லே சார்" என்றார் ஆசிரியை. "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. பசங்க கக்கூஸுக்குப் போனா டவுசரை இழுத்துப் பார்க்கிறானுங்களாம். தண்ணியே குடிக்கிறதில்லே. போன செவ்வாக்கிழமை மயக்கம் போட்டு விழுந்துடுச்சு."

நான் பேசாமல் இருந்தேன்.

"வாத்தியாருங்களுக்குன்னு என்னமோ கையேடு போட்டாங்களாமே சார், இந்த மாதிரிப் பிள்ளைங்களை எப்படி நடத்தணும்னு? ராத்திரியெல்லாம் செல்போன்ல தேடினேன். சண்டைதான் சார் கிடைக்குது. கையேடு கிடைக்கலே."

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கடைசி வாக்கியந்தான். நமது பத்திரிகைகளையும் தொலைக்காட்சிகளையும்பற்றி இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் கேட்டதில்லை.

அந்தச் சண்டை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பாடத் திட்டத்துக்குப் புத்தகம் தயாரிக்கிற சர்க்கார் ஸ்தாபனமான என்.சி.இ.ஆர்.டி., 2021ஆம் வருஷம் பள்ளிக்கூடத்தில் படிக்கிற திருநர் குழந்தைகளைப்பற்றி ஒரு பயிற்சிக் கையேட்டை வெளியிட்டது. பிறக்கும்போது மற்றவர்கள் ஆணென்றோ பெண்ணென்றோ எழுதி வைத்ததற்கு மாறாகத் தன்னை உணருகிறவர்களைத் திருநர் என்கிறோம். கையேட்டை எழுதிய குழுவில் அந்த ஸ்தாபனத்தின் பேராசிரியர்கள் இருந்தார்கள். இந்த ஜனங்களோடு பல காலம் வேலை செய்த தொண்டு நிறுவனத்தார் இருந்தார்கள். திருநர்களும் இருந்தார்கள். புத்தகம் குழந்தைகள் கையில் கொடுப்பதற்காக எழுதப்பட்டதல்ல, ஆசிரியர்களுக்காக எழுதப்பட்டது. எந்தப் பிள்ளையும் கூசாமல் போகக்கூடிய கழிப்பறை வேண்டும், சீருடையில் கொஞ்சம் தாராளம் வேண்டும், எதற்கெடுத்தாலும் ஆண் வரிசை பெண் வரிசை என்று பிரித்து நிறுத்துவதைக் குறைக்க வேண்டும், ஆசிரியர்களே கேலி செய்யாமல் இருக்கக் கற்க வேண்டும் - இப்படிப்பட்ட சங்கதிகள் அதில் இருந்தன. ஆசிரியை என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நவம்பர் மாத ஆரம்பத்தில் அதை எதிர்த்து ஒரு புகார் போயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் மனத்தைக் குலைக்கிற சதி என்றது புகார். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் உடனே என்.சி.இ.ஆர்.டி.க்குக் கடிதம் எழுதியது. வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றுமாகக் கேட்டுக் குழந்தைகள் மனம் குழம்பும் என்றது. குழுவில் இருந்தவர்களின் பின்னணியைச் சரிபார்க்கச் சொன்னது. ஆணையம் பதிலுக்குக் கொடுத்த கெடு முடிவதற்கு முன்பே கையேடு இணையத்திலிருந்து மறைந்துவிட்டது. சம்பந்தப்பட்ட பேராசிரியர்கள் மாற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. குழுவில் இருந்த ஒருவரின் சொந்தப் புகைப்படங்களை எடுத்துப் போட்டு, "இவரா நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது?" என்று சமூக வலைத்தளங்களில் கூத்தடித்தார்கள். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதைக் கண்டித்தார். யாரோ சிலர் எதிர்த்தார்கள் என்பதற்காகச் சில மணி நேரத்துக்குள் ஓர் அரசு ஸ்தாபனத்தின் கையை முறுக்கிப் புத்தகத்தைத் திரும்பப் பெற வைத்துவிட்டார்களே என்று கேட்டார்.

இவ்வளவும் பத்திரிகைகளில் வந்தது. புகார் கொடுத்தவர் வந்தார், ஆணையத் தலைவர் வந்தார், எதிர்த்தவர் ஆதரித்தவர் எல்லோரும் வந்தார்கள். தொலைக்காட்சியில் ஆறு பேரைக் கட்டம் கட்டி உட்கார வைத்து ஒரே நேரத்தில் கத்த விட்டார்கள். நமது பண்பாடு அழிகிறதா, மேல்நாட்டுச் சதியா, முற்போக்கா பிற்போக்கா என்றெல்லாம் கேட்டார்கள். ஒரே ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை எங்கே? இந்தக் கையேடு யாருக்காக எழுதப்பட்டதோ, அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போயிற்றா?

பத்திரிகை நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். எனக்கும் பத்திரிகைதான் சோறு போடுகிறது. அந்த உரிமையில்தான் கேட்கிறேன். புத்தகம் மோசமென்று யாரோ சொன்னால், அதை வாங்கி நாலு பக்கம் புரட்டிப் பார்த்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வதல்லவா பத்திரிகைக்காரனின் முதல் வேலை? நான் பார்த்த தமிழ்ச் செய்திகளில் புகாரில் என்ன இருந்தது என்பது இருந்தது. புத்தகத்தில் என்ன இருந்தது என்பது ஒரு வரி, இரண்டு வரி. ஒரு சமையல் போட்டிக்குக்கூட அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்று எழுதுகிறோம்!

புத்தகத்தில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பருவ வளர்ச்சியைத் தள்ளிப் போடுகிற மருந்துகளைப்பற்றியும் அதில் பேச்சு இருந்தது; எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். அந்தக் கவலை நியாயமானது. 2024ஆம் வருஷம் ஏப்ரலில் இங்கிலாந்தில் ஹிலாரி காஸ் என்ற குழந்தை மருத்துவர் கொடுத்த அறிக்கை, அந்த மருந்துகளைப்பற்றிய ஆதாரம் பலவீனமாகவே இருக்கிறது என்று சொன்னது. டாக்டர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய சங்கதி அது. அந்த இடத்தைத் திருத்தியிருக்கலாம், எடுத்தே போட்டிருக்கலாம். ஆனால் மருந்தைப்பற்றிச் சந்தேகம் வந்ததென்று கக்கூஸ் கதவையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போவதென்ன நியாயம்?

இங்கிலாந்தைச் சொன்னதால் அங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே மெர்மெய்ட்ஸ் என்றொரு தொண்டு நிறுவனம். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிலர் சேர்ந்து 1995இல் ஆரம்பித்தது. 2022 செப்டம்பரில் லண்டன் நாளேடு ஒன்று, இந்த நிறுவனம் வீட்டாருக்குத் தெரியாமல் சிறு வயதுப் பெண்களுக்கு மார்பை இறுக்கும் உள்ளாடையை அனுப்பத் தயாராக இருந்தது என்று எழுதியது. பிடித்துக்கொண்டது நெருப்பு. ஓர் அறங்காவலர் விலகினார், தலைமை அதிகாரி போனார், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கிற ஆணையம் வருஷக் கடைசியில் சட்டபூர்வமான விசாரணை ஆரம்பித்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம் விசாரித்து 2024 அக்டோபரில் முடிவு சொன்னார்கள். நிர்வாகம் சரியில்லை, வேகமாக வளர்ந்த நிறுவனம் அதற்கேற்ற ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ளவில்லை, உள்ளாடை விஷயத்தில் இன்னும் யோசித்திருக்க வேண்டும், மருந்தைப்பற்றித் தன் பக்கங்களில் எழுதியதைத் திருத்த வேண்டும் என்றார்கள். ஆனால் நிறுவனம் மருத்துவ ஆலோசனை கொடுத்து வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னார்கள்.

பெற்ற தாய்க்குத் தெரியாமல் பிள்ளைக்கு ஒன்றைத் தபாலில் அனுப்புவது தப்புதான். குழந்தைகளின் பேரால் பணம் வாங்குகிற எவனுடைய கணக்கையும் நடத்தையையும் துருவிப் பார்க்கத்தான் வேண்டும். அந்த நாளேடு கேட்ட கேள்விகளில் சில கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் குற்றச்சாட்டு எழுந்தபோது என் காதுக்கு இங்கே கடலூர்வரை எட்டிய சத்தத்தில் கால் பங்குகூட முடிவு வந்தபோது எட்டவில்லை. எங்கள் தெருவில் ஒரு நண்பர், "அந்த லண்டன் கும்பல் பிள்ளைங்களை அறுத்துக் கட்டுதாமே" என்று 2022இல் என்னிடம் சொன்னார். முடிவு வந்த பிறகும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதல் செய்தி அவருக்கு வீடு தேடி வந்தது. இரண்டாவது செய்தி வரவே இல்லை.

அறுப்பதைப்பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் பேசிவிடுவோம். நம் தமிழ்நாட்டிலேயே குழந்தைகளை அறுத்துக்கொண்டுதான் இருந்தோம். ஆணென்றோ பெண்ணென்றோ உடலிலேயே தெளிவாகத் தெரியாமல் சில சிசுக்கள் பிறக்கின்றன. திருநர் வேறு, இவர்கள் வேறு; பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாய்ப் போட்டுக் குழப்பும். இந்தச் சிசுக்களை, அவற்றுக்கு ஒரு கேடும் இல்லாதபோதும், பெற்றவர்களின் வெட்கத்துக்காக ஆபரேஷன் செய்து ஏதாவதொரு பக்கம் தள்ளிவிடுவது வழக்கமாக இருந்தது. 2019 ஏப்ரல் 22ஆம் தேதி மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இதைத் தடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தார். அந்த ஆகஸ்டு மாதத்தில் உயிருக்கு ஆபத்தான நிலைமை தவிர மற்றபடி கூடாது என்று சர்க்கார் ஆணை போட்டது. இந்தியாவில் இது முதல் ஆணை.

அந்தத் தீர்ப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்கும், ஆனால் வேறு விதமாக. தூத்துக்குடியில் ஒரு வாலிபர் ஒரு திருநங்கையைத் திருமணம் செய்துகொண்டார், பதிவு செய்ய மறுத்தார்கள், மணப்பெண் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று கோர்ட் சொன்னது. அதே தீர்ப்புத்தான் இது. கல்யாணப் படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பேச வாயில்லாத சிசுவைப்பற்றிய பகுதி யாருக்கும் ஞாபகம் இல்லை. "பிள்ளைகள்மேல் கத்தி வைக்கிறார்கள்" என்று 2021இலும் 2022இலும் தொண்டு நிறுவனங்களைப் பார்த்துக் கூச்சலிட்டவர்களில் எத்தனை பேர், நிஜமாகவே கத்தி வைத்த காலத்தில் வாய் திறந்தார்கள்? தேடிப் பார்த்தேன். எனக்கு ஒருவரும் அகப்படவில்லை.

"இதெல்லாம் இப்போது கிளம்பிய நாகரிக வியாதி சார், நம் காலத்தில் ஏது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நம் காலத்தில் ஏதா? 2011ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கில் முதல் தடவையாக ஆண், பெண், மற்றவர் என்று மூன்றாவது கட்டம் போட்டார்கள். அந்தக் கட்டத்தில் இந்தியா முழுவதும் 4,87,803 பேர். அவர்களில் 54,854 பேர் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள். தமிழ்நாட்டில் மொத்தம் 22,364, குழந்தைகள் 1,289. அந்தக் குழந்தைகள் தாமாகப் போய்ப் பேர் கொடுக்கவில்லை. கதவைத் தட்டிய கணக்கெடுப்பாளரிடம் பெற்றவர்களே சொல்லி எழுத வைத்தார்கள். எந்தக் கையேடும் வருவதற்குப் பத்து வருஷம் முன்பு! அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டவர்களுள் எழுத்தறிவு நூற்றுக்கு 56. நாட்டின் பொது எழுத்தறிவோ எழுபதைத் தாண்டியிருந்தது. நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் என் ஆசிரியையின் மாணவி தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். (மாணவி என்றே எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

பழைய நூல்களைக் காட்டி இவர்களுக்கு வாதாடுகிற நண்பர்களும் இருக்கிறார்கள். பேடி என்ற சொல்லுக்கு எந்த விகுதி போடுவது என்று தொல்காப்பியர் யோசித்திருக்கிறார். சிலப்பதிகாரத்தில் மாதவியின் பதினொரு ஆடல்களில் காமன் ஆடிய பேட்டாடலும் ஒன்று. எல்லாம் வாஸ்தவம். மேல்நாட்டு இறக்குமதி என்கிறவர்களின் வாயை அடைக்க இது உதவும். அதற்குமேல் உதவாது. இலக்கணத்தில் இடம் இருந்ததே தவிர, வீட்டில் இடம் இருந்ததா என்று அந்த நூல்கள் நமக்குச் சொல்லவில்லை.

வீட்டில் இடம் இல்லாததுதான் எங்கள் பக்கத்துக் கதை. எங்கள் பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்ததுதான் கூவாகம். பிறகு விழுப்புரம் ஜில்லாவுக்குப் போய், இப்போது கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்கு அரவானை மணந்து தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துக்கொண்டு அழுகிற திருவிழா. சிதம்பரத்துப் பக்கம் கொத்தட்டையிலும் ஒரு கூத்தாண்டவர் கோயில் உண்டு. கூவாகத்துக்கு வருகிற காமிராக்கள் அங்கே அவ்வளவாக வருவதில்லை. கூவாகத்தில் தாலி கட்டும்போது ஒரு படம், தாலி அறுக்கும்போது ஒரு படம், விழுப்புரத்தில் அழகிப் போட்டியில் ஒரு படம். வருஷத்தில் மூன்று படத்தோடு நம் பத்திரிகைகளுக்கு இவர்கள் விஷயம் முடிந்துவிடும். முப்பது வயதில் அங்கே வந்து அழுகிறவர் பன்னிரண்டு வயதில் எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தப்பட்டார் என்று எந்தக் காமிராவும் பின்னால் போய்ப் பார்த்ததில்லை.

இங்கே நான் என் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும்.

நான் சிதம்பரத்தில் படித்தேன். 1990களின் நடுப் பகுதி. ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் ஒரு பையன் - அப்படித்தான் அன்று சொன்னோம் - உட்கார்ந்திருந்தான். செய்யுளை அவனைப்போல் யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழ் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கண் திறந்திருந்த மற்ற வாத்தியார்கள் அவனுக்கு வேறு பேர் வைத்திருந்தார்கள். அந்தச் சித்திரையில் ஒரு வாரப் பத்திரிகை கூவாகத்தைப் படம் பிடித்து நடுப் பக்கம் முழுக்கப் போட்டது. பள்ளி திறந்ததும் யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்து வந்தார்கள். அதை அவன் பெஞ்சில் ஒட்டினோம். ஒட்டினோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பசை கொண்டு வந்தது நான். அவன் வந்தான், பார்த்தான், அதன்மேலேயே புத்தகத்தை வைத்து உட்கார்ந்தான். இரண்டு நாள் வந்தான். மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை. அவன் வீட்டிலிருந்து யாரும் வந்து விசாரிக்கவில்லை. பள்ளிக்கூடமும் யாரையும் அனுப்பிக் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்துச் சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் மாயவரம் வண்டிக்குக் காத்திருந்தேன். புடவை கட்டி, பூ வைத்து, ஒரு பையோடு எதிர்ப் பெஞ்சில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குக் கை உதறியது. அவர் பசையைப்பற்றிப் பேசவில்லை. "தமிழய்யா இருக்காரா?" என்று கேட்டார். காலமாகிவிட்டார் என்றேன். "ஐயோ" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

இதற்குப் பிறகும் நான் திருந்தினேனா? என் இரண்டாவது நாவலில் பஸ் நிலையக் காட்சி ஒன்று வருகிறது. கையைத் தட்டிக்கொண்டு ஒரு பாத்திரம் வரும், நாலு வார்த்தை கொச்சையாகப் பேசும், போய்விடும். தொடராக வந்தபோது அந்த வாரம் கடிதங்கள் குவிந்தன, எல்லோரும் சிரித்தார்களாம். அந்தக் காட்சிக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினேன். வேடிக்கை காட்டத் தெரிந்த அளவுக்கு எனக்கு மனிதர்களைத் தெரியவில்லை. ஆகவே மற்ற எழுத்தாளர்களைப் பார்த்து விரல் நீட்டும்போது மூன்று விரல் என்னைத்தான் காட்டுகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே நீட்டுகிறேன்.

சொற்கள் மாறியிருக்கின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். அன்று அந்த வாரப் பத்திரிகை போட்ட தலைப்பை இன்று யாரும் போடத் துணிய மாட்டார்கள். திருநங்கை என்ற சொல் அரசு வழக்கிலும் ஜனங்கள் வாயிலும் ஏறிவிட்டது. நீதிமன்றம் வற்புறுத்தியதன்பேரில் தமிழ்நாட்டு சர்க்கார் 2022 ஆகஸ்டில் மரியாதையான சொற்களின் பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் மரியாதையான சொல்லை வைத்துக்கொண்டே பழைய செய்தியை எழுத முடியும் என்பதை நமது நிருபர்கள் நிரூபித்துவிட்டார்கள். "திருநங்கைகள் அட்டகாசம்" என்று எழுதினால் சொல் பட்டியலில் இருக்கிறது. புத்தி எங்கே இருக்கிறது?

வீட்டை விட்டு ஓடிவந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சோறு போட்டு, கதவைத் தாளிட்டுப் படுக்க ஓர் இடம் கொடுக்கிற மூத்த திருநங்கை நம் செய்தியில் யார்? கடத்தியவர். அந்தப் பிள்ளைக்காகப் பெற்றவர்களிடம் நடையாய் நடக்கிற தொண்டு நிறுவனத்தின் ஊழியர் யார்? மூளைச் சலவை செய்கிறவர். 2019ஆம் வருஷத்துச் சட்டம், திருநர் என்பதற்காக எந்தக் குழந்தையையும் பெற்றவரிடமிருந்து கோர்ட் உத்தரவின்றிப் பிரிக்கக் கூடாது என்று எழுதியது. அந்தக் குழந்தையைப் பெற்றவரே வெளியே தள்ளினால் யார் பிரித்தார்கள் என்று எழுதுவது? வீட்டில் அடித்த அடியைப்பற்றி நிருபர் கேட்பதில்லை. அது குடும்ப விவகாரமாம்!

நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ஆம் தேதி கொடுத்த உத்தரவில் இவர்களுக்கு உதவுகிற தொண்டு நிறுவனங்களின் பட்டியலை மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட வேண்டும் என்றார். பள்ளிகளில் இவர்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்றார், பெற்றோர்-ஆசிரியர் சங்கங்களின் மூலம் பெற்றவர்களிடம் பேச வேண்டும் என்றார். அந்த வழக்கை எடுத்தபோது தமக்கே இதுபற்றி ஒன்றும் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதியவர் அவர். ஒரு உயர் நீதிமன்ற நீதிபதி "எனக்குத் தெரியாது" என்று சொல்லிக் கற்றுக்கொள்ளலாம். இருபத்திரண்டு வயது நிருபருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது!

ஆசிரியைக்கு நான் செய்தது மிகவும் கொஞ்சம். அந்த உத்தரவில் பள்ளிக்கூடத்தைப்பற்றி உள்ள பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தேன். 2006 டிசம்பரிலேயே தமிழ்நாட்டு சர்க்கார் போட்ட ஆணையைப்பற்றியும் சொன்னேன். இவர்களைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, பெற்றவர்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கிறது. சென்னையில் இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்துவருகிற ஒரு தொண்டு நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். மழை விட்டதும் காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

தலைமை ஆசிரியர் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தாராம். நல்ல மனுஷர்தான். "கோர்ட் சொன்னது சரி டீச்சர். நாளைக்கே ஒரு பத்திரிகைக்காரன் வந்து 'கவர்மென்ட் ஸ்கூல்ல என்ன நடக்குது'ன்னு போர்டு முன்னாடி நின்னு படம் புடிச்சா, கோர்ட்டா வந்து பதில் சொல்லும்?" என்றாராம். அவர் பயந்தது கலெக்டருக்கு அல்ல, பெற்றோருக்குமல்ல, நமக்கு. அரை மணி நேரம் யோசித்துவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆசிரியைகள் போகிற கழிப்பறையின் சாவி. "எழுத்து மூலமா ஒண்ணும் கேக்காதீங்க. நான் குடுத்ததாவும் இருக்க வேண்டாம். உங்ககிட்டயே வச்சுக்குங்க."

தை பிறந்து ஒரு நாள் ஆசிரியை போன் செய்தார். பிள்ளை அரையாண்டுப் பரீட்சை எழுதிவிட்டது, கணக்கில் மட்டும் போய்விட்டது என்றார். அந்தத் தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாள் இரண்டு தடவை வந்து பெற்றவளோடு பேசிவிட்டுப் போனாராம். தகப்பன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நான் தண்ணீரைப்பற்றிக் கேட்டேன்.

"பாட்டில் கொண்டாறது சார் இப்போ" என்றார். "மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிட்டு, பக்கத்துப் பொண்ணுதையும் வாங்கிக் குடிக்குது."